புதுசு போட்டும் பழசே வருகிறது: லினக்ஸில் பதிப்புகள் முட்டிக்கொள்ளும்போது

ஒரே தெருவில் இரண்டு முருகன் இருக்கிறார்கள். தெருமுனையில் நின்று "முருகா" என்று கத்தினால் முதல் வீட்டு முருகன்தான் எட்டிப் பார்ப்பார். மூன்றாம் வீட்டு முருகனைத்தான் கூப்பிட்டோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? லினக்ஸில் பைத்தான், ஜாவா, நோட் என்று எதில் இரண்டு பதிப்பு வைத்திருந்தாலும் இதே கூத்துதான். பதிப்புத் தகராறு என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்குள் மூன்று முறை அழித்து, மூன்று முறை திரும்பப் போட்டிருப்பார்கள். கூப்பிட்டபோது வந்தது யார் என்று மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கீழே உள்ளவை உபுண்டு, டெபியன் இரண்டையும் மனதில் வைத்து எழுதியவை. கட்டளைகளைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாய்விட்டுச் சொல்வது போல எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

"டைப் -ஏ பைத்தான்3" என்று கொடுங்கள். ஜாவா என்றால் "டைப் -ஏ ஜாவா". அந்தப் பெயருக்குப் பதில் சொல்லக்கூடிய எல்லோரையும் ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) வரிசையாகக் காட்டும். முதலில் இருப்பவர்தான் வருவார். கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற பட்டியல்தான் பாத் மாறி. அதில் எந்த ஃபோல்டர் முன்னால் இருக்கிறதோ அதுதான் முதல் வீடு.

"விச்" போதாதா என்று கேட்பார்கள். விச் ஃபைல்களை மட்டும்தான் தேடும். என்றைக்கோ நீங்களே எழுதி வைத்து மறந்துபோன ஏலியாஸும் (கட்டளைக்கு வைத்த மாற்றுப் பெயர்), ஷெல்லுக்குள் இருக்கும் ஃபங்ஷனும் பாஷில் (உபுண்டுவின் வழக்கமான ஷெல்) அதன் கண்ணில் படாது. டைப் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நண்பர் அரை நாள் பாத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் டைப் கொடுத்தபோது முதல் வரியிலேயே "பைத்தான் இஸ் ஏலியாஸ்டு டு" என்று வந்தது.

டைப்பின் பதிலில் "/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3", "/பின்/பைத்தான்3" என்று இரண்டு வரி வந்தால் பதற வேண்டாம். இப்போதைய உபுண்டுவில் "/பின்" என்பதே "/யூஎஸ்ஆர்/பின்"னுக்கு ஒரு சிம்லிங்க்தான், அதாவது வேறு இடத்தைக் காட்டும் கைகாட்டி. ஒரே ஆளுக்கு இரண்டு வாசல். இதைப் பார்த்து ஒன்றை அழிக்கப் போனவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

வந்தது யார் என்று தெரிந்த பிறகு, அந்த முகவரியை "ரீட்லிங்க் -எஃப்"புக்குக் கொடுங்கள். சிம்லிங்க் எத்தனை தாவினாலும் கடைசியில் எந்த ஃபைலில் போய் நிற்கிறது என்று சொல்லிவிடும். முக்கால்வாசிக் கேஸ் இந்த இரண்டு கட்டளையிலேயே முடிந்துவிடும். மீதிக்குத்தான் கீழே உள்ள கதைகள்.

அறிகுறி: புதுசு போட்டாச்சு, பழைய எண்ணே காட்டுகிறது

புதுசின் ஃபோல்டர் பாத்திலேயே இல்லாமல் இருக்கலாம், அல்லது பழசுக்குப் பின்னால் இருக்கலாம். டெர்மினல் திறக்கும்போது பாஷ் படிக்கும் ".பாஷ்ஆர்சி" ஃபைலில் பாத்தை நீட்டும் வரியைப் பாருங்கள். புது ஃபோல்டரைப் பழைய பாத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்தால், எத்தனை முறை டெர்மினலை மூடித் திறந்தாலும் பழசுதான் வரும். முன்னால் போடுங்கள்.

பாத் சரியாகவே இருந்தும் சில சமயம் பழைய இடத்தையே தேடிக்கொண்டிருக்கும். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஏபிடி வழியாக வந்த ஒரு கருவியை அழித்துவிட்டு, அதையே "/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்"னில் புதிதாகப் போடுகிறீர்கள். அதே டெர்மினலில் கூப்பிட்டால் "/யூஎஸ்ஆர்/பின்"னில் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. விச் கேட்டால் சரியான புது இடத்தைச் சொல்கிறது! பேய் பிடித்த மாதிரி இருக்கும். விஷயம் சின்னது: பாஷ் ஒரு கட்டளையை முதல் தடவை கண்டுபிடித்த இடத்தை மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் தேடாது. "ஹாஷ் -ஆர்" என்று கொடுத்தால் மறந்துவிடும். புது டெர்மினல் திறந்தாலும் சரியாகிவிடும். "ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாயிடுச்சு" என்ற கதைகளில் பாதிக்குப் பின்னால் இருப்பது இதுதான் என்பது என் சந்தேகம்.

அறிகுறி: இந்த டெர்மினலில் சரி, அடுத்ததில் பழசு

நோட் பதிப்புகளை மாற்றித்தரும் என்விஎம் வைத்திருப்பவர்களுக்கு இது அன்றாடம். "என்விஎம் யூஸ் 20" என்பது அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும்தான். நிரந்தரமாக வேண்டுமென்றால் "என்விஎம் ஏலியாஸ் டிஃபால்ட் 20". பைத்தானுக்கு அதே வேலை செய்யும் பைஎன்வில் "பைஎன்வ் வெர்ஷன்" என்று கேட்டால் எண்ணோடு சேர்த்து அந்த எண் எந்த ஃபைலிலிருந்து வந்தது என்றும் சொல்லும். அந்த இரண்டாவது பகுதியைப் படியுங்கள். மூன்று ஃபோல்டர் மேலே எப்போதோ விட்டுப்போன ஒரு ".பைத்தான்-வெர்ஷன்" ஃபைல்தான் பல நேரம் கைவரிசை காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் பைஎன்வ் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் ஆரம்பித்து மேலே மேலே தேடிக்கொண்டு போகும்.

டெர்மினலில் சரியாக இருந்து எடிட்டரில் மட்டும் பழசு என்றால், எடிட்டரை ஐகானைச் சொடுக்கித் திறந்தீர்களா என்று பாருங்கள். அப்படித் திறந்தது பெரும்பாலும் ".பாஷ்ஆர்சி"யைப் படித்திருக்காது. டெர்மினலிலிருந்தே எடிட்டரைத் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் நோய் தெரிந்துவிட்டது.

கோ மொழிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபோல்டர் மாறினால் "கோ வெர்ஷன்" வேறு எண் காட்டுகிறது என்றால் அது கோளாறு கிடையாது. 2023இல் வந்த 1.21 முதல், கோ தன் "கோ.மாட்" ஃபைலைப் பார்த்து, அதில் கேட்கப்பட்ட பதிப்பு கையில் இருப்பதைவிடப் புதிது என்றால் தானே இறக்கி ஓட்டிக்கொள்ளும். வேண்டாமென்றால் "கோடூல்செயின்" மாறியை "லோக்கல்" என்று வையுங்கள்.

அறிகுறி: சூடோ போட்டால் காணோம், கிரானில் ஓடவில்லை

டெர்மினலில் "நோட்" ஓடுகிறது. "சூடோ நோட்" என்றால் கமாண்ட் நாட் ஃபவுண்ட். கட்டளையை ரூட்டாக, அதாவது நிர்வாகியாக ஓட்டும் சூடோ உங்கள் பாத்தை மதிக்காது. "/ஈடிசி/சூடோயர்ஸ்" ஃபைலில் "செக்யூர்_பாத்" என்று ஒரு வரி இருக்கிறது, அதில் உள்ள ஃபோல்டர்கள்தான் அதற்கு உலகம். உங்கள் ஹோமுக்குள் என்விஎம் வைத்திருக்கும் நோட் அந்த உலகத்தில் இல்லை. அந்த வரியில் ஹோம் ஃபோல்டரைச் சேர்க்கச் சொல்லும் யோசனைகள் கிடைக்கும், சேர்க்காதீர்கள். உங்கள் ஹோமுக்குள் எழுத முடிந்த எவரும் ரூட்டாக எதையும் ஓட்டலாம் என்று கதவைத் திறந்துவைப்பது அது. என்விஎம் வைத்திருந்தால், நோட் பேக்கேஜ்களைப் போடும் "என்பிஎம் இன்ஸ்டால் -ஜி"க்குச் சூடோ தேவையே இல்லை. ஏற்கெனவே போட்டுவிட்டு, ஹோமில் உள்ள ".என்பிஎம்" ஃபோல்டருக்குள் ரூட்டுக்குச் சொந்தமான ஃபைல்கள் சேர்ந்து அனுமதி மறுக்கிறது என்றால் "சௌன்"னால் அந்த ஃபோல்டரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரான் இன்னும் ஏழை. அதன் பாத்தில் வழக்கமாக "/யூஎஸ்ஆர்/பின்", "/பின்" இரண்டுதான். ".பாஷ்ஆர்சி"யை வலிய ஏற்றிப் பார்த்தாலும் பலிக்காது. உபுண்டுவின் ".பாஷ்ஆர்சி" தலைப்பிலேயே, எதிரில் ஆள் உட்காராத ஷெல் என்றால் இங்கேயே திரும்பு என்று நாலு வரி இருக்கும், என்விஎம்மின் வரிகளோ அதற்குக் கீழே கடைசியில் கிடக்கும். முழு முகவரியை எழுதிவிடுவதே நிம்மதி: ஹோமுக்குள் ".என்விஎம்/வெர்ஷன்ஸ்/நோட்/" அப்புறம் பதிப்பு எண், "பின்/நோட்". பதிப்பை உயர்த்திப் பழசை அழிக்கும் நாளில் இந்த வரியையும் மாற்ற வேண்டும். மறந்தால் கிரான் சத்தமில்லாமல் நின்றுபோகும், இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். பின்னணிச் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலுக்கும் இதே மருந்து.

அறிகுறி: பைத்தான்3ஐ மாற்றினேன், டெர்மினலே திறக்கவில்லை

இதில் நானே விழுந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உபுண்டு 22.04. கூடவே வரும் பைத்தான் 3.10. எனக்கு 3.11 வேண்டியிருந்தது. எங்கோ படித்ததை நம்பி, ஒரு பெயருக்குப் பல பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் "அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்" மூலம் "/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3" என்ற பெயரை 3.11க்குத் திருப்பிவிட்டேன். "பைத்தான்3 --வெர்ஷன்" 3.11 என்றது. சந்தோஷமாகத் தூங்கப் போனேன். காலையில் டெர்மினல் ஐகானைச் சொடுக்கினால் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மறைந்துபோனது. திரும்பச் சொடுக்கினேன், திரும்பவும் அதே. பிழைச் செய்தியைப் படிக்கலாம் என்றால், படிக்க டெர்மினல் வேண்டும்!

காரணம் இதுதான். உபுண்டுவில் "க்னோம்-டெர்மினல்" என்ற கட்டளையே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அதன் முதல் வரி "/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3"ஐக் கூப்பிடுகிறது. அது ஏற்ற நினைக்கும் "ஜிஐ" மாட்யூலின் உள்பகுதி சி மொழியில் எழுதி 3.10க்கென்றே கம்பைல் செய்யப்பட்டது. ஏபிடி சார்ந்த கருவிகளுக்கு வேண்டிய "ஏபிடி_பிகேஜி"யும் அப்படியே. "/யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ்" ஃபோல்டரில் பார்த்தால் அந்த ஃபைல்களின் பெயரிலேயே "சிபைத்தான்-310" என்று முத்திரை குத்தியிருக்கும். 3.11 அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, "நோ மாட்யூல் நேம்டு ஏபிடி_பிகேஜி" என்று கைவிரித்துவிடும். "ஏபிடி அப்டேட்" கொடுத்தால் கடைசியில் ஒரு முழ நீளத்துக்குப் பிழை கொட்டுவதும் இதனால்தான்.

மீள்வது எளிது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை ஒன்று வரும், அதில் லாகின் செய்யுங்கள். "சூடோ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3". இது அந்தப் பெயரையே எடுத்துவிடும், ஆகவே கையோடு "சூடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3" என்று பழைய சிம்லிங்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். 3.10 என்பது 22.04க்கு. 20.04 என்றால் 3.8, 24.04 என்றால் 3.12, டெபியன் 12 என்றால் 3.11. இந்த எண்ணைத் தப்பாகப் போட்டால் அதே பள்ளத்தில் இன்னொரு தடவை விழுவீர்கள்.

எந்த நிலையிலும் "ஏபிடி ரிமூவ் பைத்தான்3" என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதை நம்பி நிற்கும் டெஸ்க்டாப்பையும் சேர்த்துத் தூக்கிவிட அனுமதி கேட்கும், நாம் பழக்கதோஷத்தில் ஒய் அழுத்திவிடுவோம்.

சரி, 3.11 வேண்டுமென்றால் என்னதான் செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம், "பைத்தான்3.11" என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அது ஏற்கெனவே தனிப் பெயரோடுதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வேலைக்கென்று "பைத்தான்3.11 -எம் வீஎன்வ்" போட்டு ஒரு தனி ஃபோல்டர் உருவாக்கிக்கொண்டால் அதற்குள் வெறும் "பைத்தான்" என்றாலே 3.11தான்.

அறிகுறி: பிப் போட்டது, இம்போர்ட் இல்லை என்கிறது

பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் பிப் ஒரு பைத்தானுக்குப் போட்டிருக்கிறது, நீங்கள் இன்னொரு பைத்தானை ஓட்டுகிறீர்கள். "பிப் --வெர்ஷன்" கொடுத்தால் வரியின் கடைசியில் எந்தப் பைத்தானுக்கு அது சேவகம் செய்கிறது என்று இருக்கும். என் வழக்கம் பிப்பைத் தனியாகக் கூப்பிடுவதே இல்லை. "பைத்தான்3.11 -எம் பிப் இன்ஸ்டால்" என்றால் குழப்பத்துக்கே இடமில்லை.

"எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு-என்விரான்மென்ட்" என்று பிப் மறுத்தால், மேலே சொன்ன விபத்து நடக்காமல் காக்கத்தான் மறுக்கிறது. உபுண்டு 23.04, டெபியன் 12 இரண்டிலிருந்தும் இந்தக் காவல் இருக்கிறது. "--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" என்று ஒரு வழியையும் அதுவே காட்டும். பெயரைப் பாருங்கள், சிஸ்டத்தை உடை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வீஎன்வ் போட்டுக்கொள்ளுங்கள்.

உபுண்டுவை அடுத்த பதிப்புக்கு உயர்த்திய பிறகு பழைய வீஎன்வ் எல்லாம் காலியாகிவிட்டது போலத் தெரியும். உள்ளே இருக்கும் பைத்தான் வெறும் சிம்லிங்க்தான், அது இப்போது 3.12க்குப் போகிறது. நீங்கள் போட்ட பேக்கேஜ்கள் "லிப்/பைத்தான்3.10" ஃபோல்டரில் அநாதையாகக் கிடக்கும். ஒட்டுப்போடப் பார்க்காதீர்கள், ஃபோல்டரை அழித்து "ரெக்வயர்மென்ட்ஸ்" ஃபைலிலிருந்து புதிதாகக் கட்டுங்கள். வீஎன்வ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தி "பேட் இன்டர்ப்ரெட்டர்" என்று வந்தாலும் இதையே செய்யுங்கள்.

பைஎன்வில் போட்ட பைத்தான் "_சிடைப்ஸ்" மாட்யூல் இல்லை என்றால் கதை வேறு. பைஎன்வ் மூலத்திலிருந்து கம்பைல் செய்யும். அந்த நேரத்தில் இல்லாத லைப்ரரிக்கான மாட்யூலை விட்டுவிட்டு மேலே போய்விடும். "லிப்எஃப்எஃப்ஐ-டெவ்" போட்டால் சிடைப்ஸ், "லிப்எஸ்க்யூலைட்3-டெவ்" போட்டால் எஸ்க்யூலைட், "லிப்பிஇசட்2-டெவ்" போட்டால் பிஇசட்2. போட்டால் மட்டும் போதாது, அந்தப் பைத்தானை பைஎன்வில் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டும். சமைத்து இறக்கிய சாம்பாரில் பருப்பைச் சேர்க்க முடியாது.

அறிகுறி: ஜாவா 61 என்கிறது, 55 என்கிறது

"அன்சப்போர்ட்டட்கிளாஸ்வெர்ஷன்எரர்" என்று ஆரம்பித்து, கிளாஸ் ஃபைல் 61.0, இந்த ஜாவாவுக்கு 55.0 வரைதான் தெரியும் என்று முடியும். இந்த எண்களில் 44ஐக் கழியுங்கள். 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் 11, 52 என்றால் 8, 65 என்றால் 21. ஆக, 17இல் கம்பைல் செய்ததை 11இல் ஓட்டுகிறீர்கள்.

ஒரே மெஷினில் இரண்டும் எப்படி? "அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா" என்பது ஜாவாவை மட்டும்தான் மாற்றும். கம்பைல் செய்யும் "ஜாவாசி" வேறு ஒரு பெயர், வேறு ஒரு சிம்லிங்க். ஒன்றை 11க்கு மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிட்டிருப்பீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்ற "அப்டேட்-ஜாவா-ஆல்டர்னேட்டிவ்ஸ்" என்று தனியாக ஒன்று டெபியன் குடும்பத்தில் உண்டு. "-எல்" கொடுத்தால் பட்டியல், "-எஸ்" கொடுத்தால் மாற்றம்.

இரண்டும் 17 என்று காட்டியும், ஜாவா நிரல்களைக் கட்டும் கருவியான மேவன் 11ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா? "எம்விஎன் -வி" கொடுங்கள். மேவன் எந்த ஜாவாவை எடுத்தது என்று முழு முகவரியோடு சொல்லும். அது பாத்தைப் பார்ப்பதற்கு முன்னால் "ஜாவா_ஹோம்" மாறியைப் பார்க்கும். அதே வேலை செய்யும் கிரேடிலும் அப்படியே. ".பாஷ்ஆர்சி", ".ப்ரொஃபைல்", "/ஈடிசி/என்விரான்மென்ட்" மூன்றிலும் அந்த மாறியைத் தேடுங்கள். நான் பார்த்த ஒரு அலுவலக மெஷினில் மூன்றிலும் மூன்று வெவ்வேறு ஜாவா இருந்தது, மூன்று பேர் மூன்று காலத்தில் எழுதியது. கிரேடில் என்றால் மாற்றிய பிறகு "கிரேடில் --ஸ்டாப்" கொடுங்கள், பழைய டீமன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

வாடிக்கையாளர் பக்கம் 11தான், மாற்ற முடியாது என்றால் 17இலேயே "--ரிலீஸ் 11" என்று கொடுத்துக் கம்பைல் செய்யலாம். மெஷினில் 11ஐப் போட வேண்டிய அவசியம்கூட இல்லை.

அறிகுறி: நோட் மாட்யூல் வெர்ஷன் 108, 115

இதுவும் ஜாவா கதைதான். 93 என்றால் நோட் 16, 108 என்றால் 18, 115 என்றால் 20, 127 என்றால் 22. சி++ஸில் எழுதிய பேக்கேஜ் ஒன்று பழைய நோடுக்குக் கம்பைல் ஆகியிருக்கிறது. "என்பிஎம் ரீபில்டு". கேட்கவில்லை என்றால் "நோட்_மாட்யூல்ஸ்" ஃபோல்டரை அழித்து மறுபடி இன்ஸ்டால். என்விஎம்மில் புதுப் பதிப்பு போட்டதும் குளோபலாகப் போட்ட கருவிகள் மாயமானால், அவை பதிப்புக்குப் பதிப்பு தனி. "--ரீஇன்ஸ்டால்-பேக்கேஜஸ்-ஃப்ரம்=18" என்று சேர்த்து இன்ஸ்டால் செய்தால் கூடவே வரும்.

அறிகுறி: ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 நாட் ஃபவுண்ட்

முதலில் எழுத்தைக் கூர்ந்து பாருங்கள். பின்னால் "சிஎக்ஸ்எக்ஸ்" இருக்கிறதா, வெறும் "ஜிலிப்சி"யா? ஒரே குடும்பப் பெயர் போலத் தெரிந்தாலும் வைத்தியம் வேறு வேறு.

சிஎக்ஸ்எக்ஸ் என்றால் சி++ லைப்ரரி. 3.4.30 ஜிசிசி கம்பைலரின் 12ஆம் பதிப்புடன் வந்தது. உபுண்டு 22.04இன் சொந்த லைப்ரரியில் அது இருக்கிறது. இருந்தும் இல்லை என்றால், பாதி நேரம் கோண்டா (பைத்தானையும் லைப்ரரிகளையும் தனிச் சூழலில் வைக்கும் கருவி) தன் ஃபோல்டரில் வைத்திருக்கும் பழைய "லிப்எஸ்டிடிசி++" முந்திக்கொள்கிறது, மறுபடியும் முதல் வீட்டு முருகன். பிழைச் செய்தியின் ஆரம்பத்திலேயே எந்த ஃபைலில் தேடினேன் என்று முகவரி இருக்கும், அதைப் படியுங்கள். கோண்டா என்றால் அந்தச் சூழலுக்குள்ளேயே லைப்ரரியை உயர்த்துங்கள். "எல்டி_லைப்ரரி_பாத்" மாறியில் யாரோ எதையோ எழுதி வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

புது ஜிசிசி போட்டும், பில்டைத் தயார்செய்யும் சிமேக் பழைய கம்பைலரையே பிடித்துக்கொண்டிருந்தால், முதல் முறை பார்த்ததை அது "சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி"யில் எழுதி வைத்துக்கொண்டுவிட்டது. "சிசி", "சிஎக்ஸ்எக்ஸ்" மாறிகளை எத்தனை மாற்றினாலும் காது கேட்காது. பில்டு ஃபோல்டரை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். சிமேக் 3.24க்கு மேல் என்றால் "--ஃப்ரெஷ்" போதும்.

"ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்றால், அதாவது அடிப்படை சி லைப்ரரியே பழசு என்றால், நிலைமை கொஞ்சம் கனமானது. புது மெஷினில் கம்பைல் செய்ததைப் பழைய மெஷினில் ஓட்டுகிறீர்கள். உபுண்டு 20.04இல் இருப்பது 2.31, 22.04இல் 2.35, 24.04இல் 2.39. புதியதை எங்கிருந்தாவது கொண்டுவந்து கையால் மாற்றப் போகாதீர்கள். "எல்எஸ்" உட்பட மெஷினில் உள்ள ஏறக்குறைய எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. மாற்றிய அடுத்த நொடி எந்தக் கட்டளையும் ஓடாது, பழையதைத் திரும்ப வைக்க வேண்டிய "சிபி"யும் ஓடாது. உங்களிடம் இருப்பதிலேயே பழைய உபுண்டு எதுவோ அதை ஒரு கண்டெய்னரில் எழுப்பி, அதற்குள் கம்பைல் செய்து அனுப்புங்கள். பழசில் கட்டியது புதுசில் பெரும்பாலும் ஓடிவிடும்.